காசநோய் மருந்தைப் பாதியில் விட்டவர்கள்: பேட்டி ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும், கோடிங்கை எங்கே தொடங்குவது?

நூலேணி (கேள்வி)

எம்.எஸ்சி. நர்சிங், சமூக நலப் பிரிவு, இரண்டாம் ஆண்டு ஆய்வு. காசநோய்க்கு ஆறு மாத மருந்தைத் தொடங்கி, முடிக்காமல் விட்டவர்களைப் பற்றியது. ஒரு மாதமோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக மருந்து எடுக்காதவர்களை மட்டும் சேர்ப்பதாகத் திட்டம். ஒரு மாவட்டம், மூன்று ஒன்றியங்கள். பேட்டி தமிழில், ஆய்வேடு ஆங்கிலத்தில்.

சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) இப்போது இருப்பது இதுதான்: 30 பேர். 22 கேள்விகள், முதல் கேள்வி 'நீங்கள் ஏன் மருந்தை நிறுத்தினீர்கள்?'. பேட்டி நடக்கும் இடம் ஆரம்ப சுகாதார நிலையம். பதில்களைக் காரணவாரியாகப் பிரித்து, எந்தக் காரணத்தை எத்தனை சதவீதம் பேர் சொன்னார்கள் என்று அட்டவணை போடுவது.

இது பண்புசார் ஆய்வாகவே (எண்ணிக்கைக்குப் பதில் அனுபவத்தை ஆராய்வதாகவே) இல்லை என்று விமர்சனம் வந்திருக்கிறது. 30 பேர் அதிகமா, குறைவா? கோடிங் என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? தமிழ்ப் பேட்டியை முதலிலேயே ஆங்கிலமாக்கிவிட்டால் வேலை சுலபமாகுமா?

வரப்பு

உங்கள் சினாப்சிஸின் கடைசி வரியான சதவீத அட்டவணையிலிருந்து தொடங்குகிறேன், குழப்பம் அங்கேதான் இருக்கிறது. 30 பேரைத் தேடிப் பிடித்துப் பேசி, 12 பேர் வாந்தியைச் சொன்னார்கள் என்று '40%' போட்டால், அது எதனுடைய 40%? மாவட்டத்தில் மருந்தை விட்டவர்களுடையது அல்ல, ஏனென்றால் அவர்களைக் குலுக்கி எடுக்கவில்லை. அந்த 30 பேருடையதும் அல்ல. மீதி 18 பேருக்கு வாந்தி வரவில்லை என்று யார் சொன்னது? பேச்சு அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். சதவீதம் வேண்டுமென்றால் சர்வே எடுங்கள். அதற்கு வேறு மாதிரி அளவு, மூடிய கேள்விகள், எல்லாரிடமும் ஒரே சொல், ஒரே வரிசை. பேட்டிக்குள் சர்வேயைத் திணித்தால் இரண்டும் கெடும்.

இரண்டும் செய்கிற வேலை வேறு. உங்கள் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கி 1959-ல் முடிவு வெளியான ஆய்வில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்பதை எண்கள் காட்டின. அது எண்ணால் மட்டுமே தீர்க்கக்கூடிய கேள்வி. ஆனால் வீட்டிலிருக்கும் ஒருவர் மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துவிட்டு, பிரிக்காமல் திரும்ப வைத்தது எப்படி என்பது வேறு கேள்வி. நீங்கள் கேட்க வேண்டியது அதை.

ஆகவே ஆய்வுக் கேள்வியை முதலில் மாற்றுங்கள். 'இடைநிறுத்தத்துக்கான காரணங்கள்' என்று வைத்தால் பட்டியல்தான் கிடைக்கும். அந்தப் பட்டியல் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். 'மருந்து தொடங்கியதிலிருந்து விடுபட்டது வரை என்ன நடந்தது, அதை அவர்கள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள்' என்று வையுங்கள்.

'ஏன் நிறுத்தினீங்க?' என்பது நர்ஸ் வாயிலிருந்து வந்தால் தமிழில் அது கேள்வியே இல்லை, அதட்டல். 'மறந்துட்டேம்மா', 'என் தப்புதான்', 'குடிதாங்க காரணம்' என்று மூன்று விடைகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவை ஊழியரிடம் தப்பிக்க மக்கள் எப்போதும் வைத்திருக்கும் விடைகள். நடந்ததைச் சொல்லச் சொன்னால் காரணம் தானாக உள்ளே வந்து விழும். 22 கேள்வி வேண்டாம், ஏழு போதும். அதில் மூன்று இப்படி இருக்கலாம்:

'உடம்பு சரியில்லன்னு முதல்ல எப்பத் தெரிஞ்சுது? அங்கேர்ந்து சொல்லுங்க.'
'மாத்திரை போட்டுக்கிட்டிருந்தப்ப ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில எந்திரிச்சதுலேர்ந்து சொல்லுங்க.'
'கடைசியா மாத்திரை போட்ட நாள் ஞாபகம் இருக்கா? அன்னைக்கு என்னென்ன நடந்துச்சு?'

மற்றபடி கையில் இருக்க வேண்டியவை 'அப்புறம்?', அவர் கடைசியாகச் சொன்ன சொல்லையே திருப்பிக் கேட்பது, அப்புறம் வாயை மூடிக்கொண்டு ஐந்து விநாடி காத்திருப்பது. மூன்றாவதுதான் புதியவர்களுக்கு வராது. பதிவை எழுத்தில் பார்த்தால் பேட்டி எடுத்தவரின் வரிகள் பக்கத்தில் பாதியை அடைத்திருக்கும். நல்ல பேட்டியில் அவை ஒற்றை வரிகளாகத்தான் இருக்கும்.

இனி எண்ணிக்கை. 'இனிப் புதிதாக எதுவும் வரவில்லை' என்கிற நிறைவு நிலையைப் பேசத் தொடங்கியவர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும், 1967-ல். ஆனால் அவர்கள் சொன்னது ஒரு கோட்பாட்டைக் கட்டும்போது அதன் ஒவ்வொரு வகையும் நிரம்புவதை. தலை எண்ணுவதை அல்ல. 2006-ல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் கானாவிலும் நைஜீரியாவிலும் எடுத்த 60 பேட்டிகளைத் திரும்பப் பார்த்து, முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான கோடுகள் (பேச்சின் துண்டுகளுக்கு ஆய்வாளர் இடும் சிறு பெயர்கள்) வந்துவிட்டன என்று காட்டினார்கள். அன்றிலிருந்து '12 போதும்' என்பது வேதவாக்காகிவிட்டது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஒரே மாதிரியான பெண்கள், எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் சொல்வதில்லை. 2017-ல் ஹென்னிங்க் குழு 25 பேட்டிகளில் பார்த்தபோது, கோடுகள் ஒன்பதாவதிலேயே தேங்கிவிட்டன. ஆனால் ஒவ்வொரு கோடும் என்ன சொல்கிறது என்பது முழுதாக விளங்க 16 முதல் 24 வரை தேவைப்பட்டது.

உங்களுடையதில் ஆணும் பெண்ணும் உண்டு, தினக்கூலியும் வீட்டில் இருப்பவரும் உண்டு, முதல் இரண்டு மாதத்தில் விட்டவரும் ஐந்தாம் மாதத்தில் விட்டவரும் உண்டு. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று என்பதால் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றல்ல. இருமல் இருக்கும்போது விட்டவர் வேறு, இருமல் நின்றபின் விட்டவர் வேறு. ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு, எந்தக் கட்டமும் காலியாகாமல் ஆள் சேருங்கள். 15 முதல் 20 பேர் என்று எழுதலாம். அதோடு மருந்தை முழுசாக முடித்த நான்கைந்து பேர். இவர்கள் இல்லாமல் ஆய்வு நிற்காது: காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புவதுதான் தடை என்று சொல்லப்போகிறீர்கள் என்றால், அதே ஆறு மணி வேலைக்குப் போய்க்கொண்டே முடித்தவர் எப்படி முடித்தார்?

தெற்குவாசல்

வரப்பு சொன்ன முறைக்குள்ள நான் போகல. களத்துல எங்க அடிபடும்னு மட்டும் சொல்றேன்.

இடம். ஆரம்ப சுகாதார நிலையம் கூடவே கூடாது. மருந்தை விட்டவர் முதல்ல ஒளியிற இடமே அதுதான். வரவே மாட்டார், வந்தா பக்கத்து அறையில இருக்கிற ஊழியருக்குக் கேக்குற மாதிரி பேசுவார். வீடும் எல்லாருக்கும் சரிப்படாது. அடையாள அட்டை தொங்கவிட்டுக்கிட்டு ஒருத்தர் வந்து திண்ணையில உக்காந்தா தெருவுக்கே தெரிஞ்சுரும். இடத்தை அவங்களையே சொல்லச் சொல்லுங்க. கோயில் மண்டபம், தோப்பு, வேலை செய்யிற இடத்துக்குப் பின்னாடி மரத்தடி, எதுவா இருந்தாலும் சரி.

மரத்தடின்னு சும்மா சொல்லல. மருந்தைப் பாதியில விட்டவருக்கு நோய் திரும்பப் பரவுற நிலையில இருக்கலாம். மூடுன அறையில ஒரு மணி நேரம் எதிரெதிரா உக்காரக் கூடாது. காத்தோட்டமான வெளியிடம், உங்களுக்கு என்95 முகக்கவசம். முகக்கவசம் போட்டா அவர் மனசு கஷ்டப்படுமேன்னு கழட்டிடாதீங்க. எதுக்குப் போடுறோம்னு முதல்லயே சொல்லிட்டா பெரும்பாலும் புரிஞ்சுக்குவாங்க. இதை எத்திக்ஸ் விண்ணப்பத்துல எழுதலேன்னா கமிட்டி முதல் கேள்வியா இதைத்தான் கேக்கும்.

இரண்டாவது கேள்வி, இருமிக்கிட்டே பேசுறவரைப் பேட்டி எடுத்துட்டு எழுந்து வந்துருவீங்களா? திரும்பச் சிகிச்சைக்கு அனுப்ப யாரைக் கூப்பிடுவீங்க, எந்த நாளுக்குள்ள, அவர் வேண்டாம்னா என்ன செய்வீங்க, இதெல்லாம் முன்கூட்டியே எழுதி வெச்சிருக்கணும். ஆனா பேட்டிக்கு நடுவுல நர்ஸா மாறி அறிவுரை சொல்ல ஆரம்பிச்சா அதோட பேட்டி முடிஞ்சுது. பதிவை நிறுத்துனப்புறம் சொல்லுங்க.

ஆள் பிடிக்கிற வழி. மாவட்டக் காசநோய்த் துணை இயக்குநர் அனுமதி கொடுத்தாலும், பெயர்ப் பட்டியலை வாங்கிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போகாதீங்க. 'இப்படி ஒருத்தர் ஆய்வு பண்றாங்க, பேச இஷ்டமா?'ன்னு முதல்ல ஊழியர் கேக்கணும், சரின்னவங்க நம்பர் மட்டும் உங்க கைக்கு வரணும். இதுல ஒரு ஓட்டை இருக்கு: ஊழியர் தனக்கு நல்ல பழக்கம் இருக்கிறவங்களைத்தான் அனுப்புவார். ஊழியரோட சண்டை போட்டுட்டு மருந்தை விட்டவர் உங்ககிட்ட வந்து சேரவே மாட்டார். அதனால மூணு ஒன்றியத்துலயும் ஒரே ஒருத்தர் வழியா போகாம, வேற வேற ஊழியர், ஆய்வகப் பணியாளர், குணமானவங்கன்னு பல வாசல் வையுங்க. ஒருத்தர் இன்னொருத்தரைக் காட்டுற சங்கிலி முறை இந்த நோய்க்கு வேலைக்காகாது. ஒருத்தருக்கு இருக்கிறது அடுத்தவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

ஒப்புதல் ரெண்டு தனித்தனியா வாங்கணும், பேச ஒண்ணு, பதிவு செய்ய ஒண்ணு. பதிவு வேண்டாம்னா கையால எழுதிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டி, சம்பந்தமில்லாத சாட்சி ஒருத்தரை வெச்சுக் கைநாட்டு. ஐ.சி.எம்.ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறையில இது இருக்கு. சாட்சியா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுராதீங்க, நோய் விஷயம் அவருக்கும் போயிரும்.

கூலி போகுதேன்னு ஈடு கொடுக்கிறதா இருந்தா அதையும் கமிட்டிகிட்ட சொல்லித் தொகையை முடிவு பண்ணிக்குங்க. ஊட்டச்சத்துக்கு அரசாங்கம் மாசாமாசம் போடுற பணத்தோட இதைக் குழப்பிக்க வாய்ப்பு இருக்கு. 2018-ல 500 ரூபாய்னு ஆரம்பிச்சது இப்ப 1,000. நீங்க அந்தப் பணம் தர்ற ஆளு, இல்ல அதை நிறுத்துற ஆளுன்னு நெனச்சுட்டா, பேச்சு பூரா பணத்தைச் சுத்தியே ஓடும். முதல் நிமிஷத்துலயே தெளிவா சொல்லிருங்க.

பதிவுக்கு போன் போதும். ஃபிளைட் மோடுல போட்டுருங்க, நடுவுல அழைப்பு வந்தா சில போன்ல பதிவு நின்னுரும். ரெண்டாவதா இன்னொரு கருவியும் ஓடணும். அன்னைக்கு ராத்திரியே கடவுச்சொல் போட்ட கோப்புறைக்கு மாத்திட்டு போன்லேர்ந்து அழிச்சுருங்க. கோப்புக்குப் பெயரா எண் மட்டும் போதும். எந்த எண் யாருங்கிற பட்டியல் வேற இடத்துல.

நூலேணி

இருவருக்கும் நன்றி. 'கோடிங்கில் இருவர் தனித்தனியாகச் செய்து கப்பா மதிப்பு (இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் எண்) காட்ட வேண்டும், இல்லையென்றால் நம்பகத்தன்மை எப்படி?' என்று கைடு கேட்கிறார். பேட்டிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டு மென்பொருளில் போட்டால் வேகமாக முடியும் என்றும் சொல்கிறார்.

எழுத்துக்கூட்டி

மொழிபெயர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலிலேயே ஆங்கிலமாக்காதீர்கள். வேகத்துக்காக நீங்கள் விற்பது தரவையே.

காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழில் எழுவாய் இல்லாமலே பேசிவிடலாம். 'அடுத்த மாசம் போகல' என்றார். யார் போகவில்லை? அவரா, மாத்திரை வாங்கிவரும் மகனா? மொழிபெயர்ப்பவர் யோசிக்காமல் 'நான்' என்று போட்டுவிடுவார், ஆங்கிலத்துக்கு ஒரு எழுவாய் வேண்டுமே. கோடு போடும்போது அது 'நோயாளி வரவில்லை' என்று ஆகிவிடும். 'நிறுத்திக்கலாம்னு சொன்னாங்க' என்பதில் சொன்னது மரியாதைக்குரிய ஒருவரா, பல பேரா? டாக்டரா, ஊராரா? இந்த ஒரு வரியின் பொருளில் உங்கள் ஆய்வே திரும்பிவிடும். இதைப் பேட்டியின்போதே 'யாரு சொன்னாங்க?' என்று கேட்டிருக்க வேண்டும். எழுத்தாக்கும்போது தமிழிலேயே இருந்தால்தான் அந்த ஓட்டை கண்ணில் படும்.

சொற்களும் அப்படித்தான். 'மாத்திரை ரொம்பச் சூடு' என்பதை வெப்பம் என்று பெயர்த்தால் கேலிக்கூத்து, பக்க விளைவு என்று பெயர்த்தால் மருத்துவர் வாய்ச்சொல். சூடு என்பது மோரையும் இளநீரையும் எண்ணெய்க் குளியலையும் கூட்டிக்கொண்டு வரும் ஒரு முழுக் கணக்கு. 'ஒத்துக்கல' என்பதற்கும் அதே கதி. இப்படிப்பட்ட சொற்களைக் கடைசிவரை தமிழாகவே வைத்து, ஆய்வேட்டில் ஒலிபெயர்த்துப் போட்டு, கீழே நாலு வரி விளக்கம் கொடுங்கள். நோயின் பெயரையும் மாற்றாதீர்கள். ஒருவர் 'டிபி' என்கிறாரா, 'காசம்' என்கிறாரா, 'நெஞ்சுச் சளி' என்றே கடைசிவரை சொல்கிறாரா, அல்லது பெயரே சொல்லாமல் 'இந்த இது' என்று கடந்துபோகிறாரா என்பதே தரவு.

ஆகவே வரிசை இது: தமிழில் கேட்டபடியே எழுத்து, தமிழில் கோடு, ஆய்வேட்டில் மேற்கோளாகப் போகும் துண்டுகளுக்கு மட்டும் ஆங்கிலம். 15 பேட்டிக்கு 60, 70 துண்டுகளுக்கு மேல் போகாது. அந்தத் துண்டுகளை இரு மொழியும் தெரிந்த இன்னொருவரிடம் கொடுத்து மூலத்தோடு ஒப்பிடச் செய்யுங்கள். கைடுக்குத் தமிழ் வராது என்றால் இரண்டு பேட்டிகளை மட்டும் முழுசாகப் பெயர்த்துக் கொடுக்கலாம்.

எழுத்தாக்கத்துக்கு நேரம் ஒதுக்கும்போது ஏமாறாதீர்கள். ஒரு மணி நேரப் பதிவுக்குப் பழகாதவருக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம். பேச்சு வழக்கைத் திருத்தி எழுத்துத் தமிழாக்க வேண்டாம், ஆனால் ஒரே சொல்லை ஒரே மாதிரி எழுதுங்கள். 'மாத்திரை', 'மாத்தர', 'மாத்ர' என்று மூன்றாக எழுதினால் பிறகு தேடிப் பிடிக்க முடியாது. ஒரு பக்கத்தில் எழுத்து விதிகளை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: நீண்ட மௌனத்துக்கு என்ன குறி, சிரிப்புக்கு என்ன, கேட்காத இடத்துக்கு என்ன. கேட்காத இடத்தை ஊகித்து நிரப்புவது பெரும் பாவம்.

தானியங்கி எழுத்தாக்கம் பற்றி: நோயாளியின் குரலை இலவச இணையதளத்தில் ஏற்றுவது ஒப்புதல் படிவத்தில் நீங்கள் கொடுத்த வாக்கை மீறுவது. விஸ்பர் போன்ற எழுத்தாக்க மென்பொருள்களைச் சொந்தக் கணினியிலேயே, இணையம் இல்லாமல் ஓட்டலாம். முதல் வரைவுக்கு ஓரளவு உதவும். ஆனால் வட்டார வழக்கில் தடுமாறும், பேச்சுத் தமிழைத் தானே செம்மைப்படுத்திவிடும், மௌனமாக இருக்கும் இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை எழுதி வைக்கும். கடைசிக் குறை ஆபத்தானது, படிக்கும்போது இயல்பாகவே தோன்றும். ஒலியோடு வரிக்கு வரி சரிபார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்.

யுனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, ஆய்வு மென்பொருளுக்குள் போனதும் கிறுக்கலாகிவிடும். டாகெட், குவால்கோடர் இரண்டும் இலவசம், யுனிகோடு தமிழை எடுத்துக்கொள்கின்றன. என்விவோ காசு. எதுவாக இருந்தாலும் 'அதிகம் வந்த சொற்கள்' என்று அது காட்டும் படத்தை நம்பாதீர்கள். மாத்திரை, மாத்திரையை, மாத்திரைக்கு, மாத்திரையோட எல்லாம் அதற்கு நாலு வேறு சொற்கள்.

மேசைவிளக்கு

கோடிங் பற்றி யாரும் இன்னும் கையால் தொடவில்லை. ஒரு துண்டை வைத்துக் காட்டுவதுதான் வழி. இது விளக்கத்துக்காக நான் எழுதியது, யாருடைய பேட்டியும் அல்ல.

'மாத்திரை போட்டா ஒரே கொமட்டலு. காலையில ஆறு மணிக்கு வண்டி வந்துரும். வெறும் வயித்துல போட்டுட்டு ஏறுனா பாதி வழியில வாந்தி. சரி, சாயங்காலம் போட்டுக்கலாம்னு விட்டேன். சாயங்காலம் மாமியா இருக்கும், அதுக்குத் தெரியாது. இருமலும் நின்னுருச்சு. நர்சம்மா போன் பண்ணுனாங்க, எடுக்கல.'

புதிதாகச் செய்பவர் ஓரத்தில் எழுதுவது: பக்க விளைவு, வேலை, குடும்பம், அலட்சியம். முதல் மூன்றும் கோடு அல்ல, அலமாரியில் ஒட்டும் பெயர்ச்சீட்டு. பேட்டியைப் படிக்காமலே எழுதியிருக்கலாம். நான்காவது தீர்ப்பு, அதைச் சொல்ல உங்களை யாரும் கேட்கவில்லை.

வரி வரியாகப் போங்கள், முடிந்தவரை செயலாக எழுதுங்கள். வண்டி, வெறும் வயிறு இரண்டையும் சேர்த்து 'வண்டி நேரத்துக்குள் மாத்திரையை அடக்கப் பார்த்தல்'. 'சாயங்காலம் போட்டுக்கலாம்னு விட்டேன்' என்பதற்கு 'மருந்தை நிறுத்துதல்' என்று போடாதீர்கள். அவர் நிறுத்தவில்லை, நேரத்தை மாற்றிப் பார்க்கிறார். 'நேரம் மாற்றிப் பார்த்தல்' என்று போட்டதும் ஒன்று தெரிகிறது: இந்தப் பேச்சில் எந்த இடத்திலும் மருந்தை விடும் முடிவு எடுக்கப்படவே இல்லை. அது நழுவிப்போயிருக்கிறது. உங்கள் தலைப்பில் இருக்கும் 'நிறுத்தியவர்கள்' என்ற சொல்லையே ஒரு துண்டு கேள்வி கேட்கிறது பாருங்கள், இதற்காகத்தான் இந்த முறை.

'சாயங்காலம் மாமியா இருக்கும்' என்பதற்கு 'மறைக்க வேண்டிய ஆள் இருக்கும் நேரம்'. 'இருமலும் நின்னுருச்சு' என்ற இடத்தில் கை பரபரக்கும், 'குணமாகிவிட்டதாக நினைத்தல்' என்று. அவர் அப்படிச் சொல்லவில்லை. இருமல் நின்றது என்றார், அதுவும் 'இருமலும்' என்றார். அந்த 'உம்' இதை முன்னே சொன்னவற்றின் மேல் வைத்த இன்னொரு கல்லாகக் காட்டுகிறது, தனிக் காரணமாக அல்ல. கோடாக 'இருமல் நின்றதைச் சேர்த்துச் சொல்லுதல்' என்று போட்டு, ஊகத்தைத் தனிக் குறிப்பில் தேதியோடு எழுதுங்கள். 'எடுக்கல' என்பதிலும் எழுவாய் இல்லை. அவர் எடுக்கவில்லையா, மாமியார் பக்கத்தில் இருந்ததால் எடுக்க முடியவில்லையா? அடுத்த பேட்டியில் போன் விஷயம் வந்தால் 'அப்ப பக்கத்துல யார் இருந்தாங்க?' என்று கேட்க வேண்டும் என்பது இன்றைய குறிப்பு.

இதனால்தான் 15 பேட்டியையும் எடுத்து முடித்துவிட்டுக் கோடு போட உட்காரக் கூடாது என்கிறார்கள். இரண்டு எடுங்கள், எழுதுங்கள், கோடு போடுங்கள், கேள்விப் பட்டியலைத் திருத்துங்கள், மூன்றாவதுக்குப் போங்கள்.

மென்பொருள் கட்டாயமில்லை. இந்த அளவுக்கு எக்செல் போதும்: பேட்டி எண், வரி எண், துண்டு, கோடு, குறிப்பு என்று ஐந்து பத்தி. முதல் சுற்றில் 80 முதல் 120 கோடு வரை வரும், பயப்பட வேண்டாம். ஒன்றை ஒன்று விழுங்குபவற்றை இணைத்து, ஒவ்வொன்றுக்கும் எது சேரும், எது சேராது என்று ஒரு வரி எழுதினால் 30, 40-க்கு வரும்.

அடுத்தது தீம். பெரும்பாலான ஆய்வேடுகள் விழுவது இங்கே. 'பக்க விளைவுகள்' என்பது தீம் அல்ல, அது தலைப்பு. தீம் என்றால் ஒரு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும், யாராவது அதை மறுக்கவும் முடிய வேண்டும். 'வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் மாத்திரைக்கு நாளில் இடமில்லை' என்பது தீம். அதன் கீழே குமட்டல், வண்டி, மாமியார் மூன்றும் சேர்ந்து நிற்கின்றன. அலமாரி முறையில் அவை மூன்று வேறு தட்டுகளுக்குப் போயிருக்கும். மருந்தை முடித்தவர்களின் பேட்டியோடு இதை உரசிப் பாருங்கள். அப்புறம், வேலைக்கும் போகாத, மறைக்கவும் ஆளில்லாத ஒருவர் மருந்தை விட்டிருந்தால் அவரை ஒதுக்காதீர்கள். அந்த ஒருவருக்காகத் தீம் வாக்கியத்தையே திருத்த வேண்டி வரலாம். நான்கைந்து தீம் போதும். 12 இருந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

இன்னொன்று. 'தீம்கள் வெளிப்பட்டன' என்று எழுதாதீர்கள். தரவுக்குள் புதைந்து கிடந்து தானாக எழுந்து வரவில்லை, நீங்கள் கட்டினீர்கள். தீம் பகுப்பாய்வு முறையை வகுத்த பிரானும் கிளார்க்கும் 2006-லேயே இதைக் கண்டித்தாயிற்று, ஆனாலும் அவர்களின் ஆறு படிகளை மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த வரியிலேயே 'வெளிப்பட்டன' என்கிறார்கள்.

வரப்பு

கப்பாவுக்கு வருகிறேன். இங்கே மேசைவிளக்கு என்னோடு ஒத்துப்போவாரா தெரியாது.

நீங்கள் எந்த முறையைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரான், கிளார்க் வழியில் ஆய்வாளரின் பார்வையே கருவி. அங்கே இருவர் ஒரே கோடு போட்டார்கள் என்பது, இருவரையும் ஒரே மாதிரி பழக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டும். அந்த முறையைப் பெயர் சொல்லிவிட்டுக் கப்பாவும் போட்டால் விவரம் தெரிந்த தேர்வாளர் பிடித்துவிடுவார். அதற்குப் பதில் முன்கூட்டியே கோடுப் பட்டியல் வைத்துச் செய்யும் முறையில், ஃபிரேம்வொர்க் போன்றவற்றில், இருவர் ஒப்பிடுவதற்கு இடமுண்டு.

கைடோடு மோதவும் வேண்டாம். மூன்று பேட்டிகளை இன்னொருவர் தனியாகக் கோடு போடட்டும். பிறகு உட்கார்ந்து, எங்கே வேறுபட்டீர்கள், ஏன், எப்படி முடிவெடுத்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். 0.78 என்று ஒரு எண்ணைப் போடுவதைவிட அந்தப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம். நம்பகத்தன்மைக்கு லிங்கனும் கூபாவும் 1985-ல் வைத்த நான்கு அளவுகோல்களைக் காட்டலாம், ஆனால் பெயரை மட்டும் அடுக்காமல் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த வேலையைச் சொல்லுங்கள். ஆய்வேட்டை எழுதி முடித்ததும், பேட்டி ஆய்வு அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் கோரெக் பட்டியலின் 32 அம்சங்களையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பேட்டி எடுத்தவர் நர்ஸ் என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியுமா என்பதும் அதில் கேட்கப்படும், உங்களுக்கு அது முக்கியம்.

மேசைவிளக்கு

ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. பேட்டியைப் பங்கேற்றவரிடமே திருப்பிக் காட்டிச் சரிபார்ப்பதையும் நம்பகத்தன்மைக் கணக்கில் சேர்ப்பார்கள். இந்த ஆய்வில் அதை வீட்டுக்கு அச்சடித்து அனுப்பிவிடாதீர்கள். மாமியாருக்குத் தெரியாமல் வைத்திருந்தது தபாலில் வந்து சேரும்.

நூலேணி

சினாப்சிஸைத் திருத்தியாயிற்று: மருந்தை விட்டவர்கள் 16 முதல் 20, முடித்தவர்கள் 5, களப்பணியாளர்கள் 4. முதல் கேள்வி: 'மருந்தை விடுறதுக்கு முன்னாடி உங்க நாள் எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க.' சரியா?

தெற்குவாசல்

'விடுறதுக்கு முன்னாடி'ன்னு ஆரம்பிச்சா குத்தம் முதல் வரியிலேயே ஒட்டிக்கிச்சு. அந்தச் சொல்லை அவங்க வாயிலேர்ந்து வர்ற வரைக்கும் நீங்க எடுக்காதீங்க. 'உடம்பு சரியில்லன்னு முதல்ல எப்பத் தெரிஞ்சுது'ன்னு வரப்பு கொடுத்ததையே வெச்சுக்குங்க. களப்பணியாளர் பேட்டியைக் கடைசியா எடுங்க; முதல்ல எடுத்தா அவங்க சொன்ன காரணத்தையே நோயாளிகிட்ட தேடிக்கிட்டிருப்பீங்க.